யாருக்கும் பெரும்பான்மை இல்லை: 1952-ல் சென்னை ராஜ்யம் போட்ட முதல் ஓட்டு

தேர்தல் முடிவு வரும் நாளில் டிவியின் ஓரத்தில் ஒரு எண் நின்றுகொண்டே இருக்கும். தமிழ்நாட்டுக்கு அது 118. மொத்தம் 234 இடம், பாதியைத் தாண்ட 118 வேண்டும். அதைத் தொட்ட கட்சி ஆட்சி அமைக்கும். நமக்கு இது பழகிப்போன கணக்கு.

ஆனால் இந்த மண்ணில் வயது வந்த எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்ட முதல் சட்டசபைத் தேர்தலிலேயே அந்தப் பாதியை யாரும் தொடவில்லை. 1952 ஜனவரியில் நடந்த சென்னை ராஜ்யத் தேர்தலைத்தான் சொல்கிறேன். தொங்கு சட்டசபை, தனிப்பெரும் கட்சி, நம்பிக்கை வாக்கெடுப்பு என்று செய்திகளில் அடிபடும் சொற்களை ஒருவருக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் நான் இந்தத் தேர்தலில் இருந்துதான் தொடங்குவேன். எல்லாமே முதல் தடவையாக நடந்ததால், ஒவ்வொரு விதியும் எதற்காக இருக்கிறது என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

முதலில் வரைபடத்தைச் சரிசெய்துகொள்வோம். அன்றைய சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாடு அல்ல. கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் அதற்குள் இருந்தன. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு மொழிக்காரர்களும் ஒரே சட்டசபைக்கு உறுப்பினர்களை அனுப்ப வேண்டும். மொத்தம் 375 இடங்கள். பெரும்பான்மைக்கு 188.

அதற்கு முன் தேர்தலே நடந்ததில்லையா? நடந்தது. 1937-ல் காங்கிரஸ் 215-ல் 159 இடம் பிடித்தது. அப்போது ஓட்டுப் பெட்டிகளுக்கு நிறம் உண்டு; காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. 'மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு' என்பது அன்றைய பிரசாரம். 1946-லும் ஒரு தேர்தல் நடந்தது. ஆனால் அந்த இரண்டிலும் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி வேண்டும். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத்தான் அந்தத் தகுதி இருந்தது. போதாததற்கு முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி, ஜமீன்தார்களுக்குத் தனி இடம், வர்த்தகர்களுக்குத் தனி இடம் என்று வாக்காளர்கள் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆவது பிரிவு இதையெல்லாம் ஒரே வீச்சில் மாற்றியது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. (18 வயது என்பது 1989-ல்தான் வந்தது.) கூலி வேலை செய்பவருக்கும் நிலக்கிழாருக்கும் ஆளுக்கு ஒன்று. இதற்கு 'வயது வந்தோர் வாக்குரிமை' என்று பெயர். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் ஓட்டுத் தருகிறோம் என்று இந்தத் தேசம் சொல்லவில்லை. நம் அரசமைப்பில் என்னை மிகவும் நெகிழவைக்கும் முடிவு இதுதான்.

உரிமையைச் சட்டத்தில் எழுதுவது ஒரு வேலை, அதைப் பட்டியலில் ஏற்றுவது வேறு வேலை. நாடு முழுவதும் சுமார் 17 கோடியே 32 லட்சம் பேரின் பெயர்களை வீடு வீடாகப் போய் எழுதினார்கள். சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். பட்டியல் எடுக்கப் போன இடத்தில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும்தான் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சென் உறுதியாக நின்றார். அப்படி ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், அன்றைய மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய வடக்குப் பகுதிகளில். கடுமையான முடிவுதான். ஆனால் ஓட்டு என்பது குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு. அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாடு சரியென்றே எனக்குப் படுகிறது.

சரி, படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவார்? இன்றைய இயந்திரத்தையும், அதற்கு முன் முத்திரை குத்திப் போட்ட நீளச் சீட்டையும் மறந்துவிட்டு, 1952-ன் ஓட்டுச்சாவடிக்குள் போவோம்.

வரிசையில் நின்று உள்ளே போனதும் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பார்கள். விரலில் அழியாத மை. பிறகு கையில் ஒரு சிறு காகிதம் தருவார்கள், ஒரு ரூபாய் நோட்டு அளவு. அதில் எந்தப் பெயரும் இருக்காது, எந்தச் சின்னமும் இருக்காது. அதை எடுத்துக்கொண்டு திரை மறைவுக்குள் போனால், அங்கே வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் (அன்றைய பத்திரிகைத் தமிழில் 'அபேட்சகர்') ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள். சோஷலிஸ்டுகளுக்கு மரம். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. எந்தப் பெட்டி பிடித்திருக்கிறதோ அதற்குள் காகிதத்தைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டியதுதான். பேனா வேண்டாம், முத்திரை வேண்டாம், கைநாட்டும் வேண்டாம். உழவுமாடும் குடிசையும் யாருக்கும் அறிமுகம் தேவைப்படாத பொருள்கள்.

ஒரு ஓட்டு மட்டுமல்ல, இரண்டு. நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் சேர்த்தே தேர்தல் நடந்ததால், இரண்டுக்கும் வெவ்வேறு நிறப் பட்டையிட்ட சீட்டுகள், வெவ்வேறு பெட்டிகள்.

வாக்காளர்கள் அந்தப் பெட்டிகளை வெறும் தகரமாகப் பார்க்கவில்லை. சில இடங்களில் பெட்டிக்குப் பூ வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். எண்ணுவதற்குத் திறந்தபோது சீட்டுகளோடு காசும், குறைகளை எழுதிய கடிதங்களும் கிடந்தன. அதைப் படிக்கும்போதெல்லாம் கோயில் உண்டியல்தான் என் நினைவுக்கு வரும். வேண்டுதலைப் போடுவதற்கு இன்னொரு இடம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறே இல்லை.

இந்த முறையில் ஓட்டையும் உண்டு. திரைக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டால்? அதை வெளியில் ஒருவர் விலைக்கு வாங்கிச் சேர்த்து, தன் ஆள் மூலம் மொத்தமாகப் போட வைக்கலாம். இந்தக் குறையால்தான் பின்னால் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு, முத்திரை குத்தச் சொல்லி, ஒரே பெட்டியில் போட வைத்தார்கள். 1962 பொதுத் தேர்தலில் அது பரவலான நடைமுறை ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம், இன்று பலருக்கும் தெரியாதது. 375 உறுப்பினர்கள் என்றேன் அல்லவா? தொகுதிகள் 375 இல்லை, 309-தான். 243 தொகுதிகளுக்கு ஒரு உறுப்பினர், 66 தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். பின்னவற்றை இரட்டை உறுப்பினர் தொகுதி என்பார்கள்.

தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்க அன்று கண்ட வழி இது. இன்றைக்கு ஒரு தொகுதி முழுவதையும் 'தனித்தொகுதி' என்று ஒதுக்குகிறோம். அன்று ஒரு பெரிய தொகுதியை எடுத்து, அதில் ஒரு இடம் ஒதுக்கீடு, ஒரு இடம் பொது என்று வைத்தார்கள். தொகுதியில் எல்லா வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது.

எண்ணும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். நாலு பேர் நிற்கிறார்கள். அ, ஆ இருவரும் பொது வேட்பாளர்கள். இ, ஈ இருவரும் ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அ-வுக்கு 30,000, ஆ-வுக்கு 22,000, இ-க்கு 26,000, ஈ-க்கு 24,000 ஓட்டு. முதலில் ஒதுக்கீட்டு இடத்தை நிரப்ப வேண்டும். அந்தப் பிரிவில் அதிகம் வாங்கியவர் இ, அவர் உள்ளே. மீதி மூவரில் அதிகம் வாங்கியவர் அ, அவருக்குப் பொது இடம். பிரச்சினை இல்லை.

இப்போது அ வாங்கிய ஓட்டை மட்டும் 23,000 ஆக்குங்கள். ஒதுக்கீட்டு இடம் அதே இ-க்குத்தான். ஆனால் மீதி மூவரில் முன்னால் இருப்பவர் 24,000 வாங்கிய ஈ! பொது இடமும் அவருக்கே போகிறது. பொது இடம் என்றால் எல்லோருக்கும் பொது, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் சேர்த்துத்தான்.

நிஜத்திலும் அப்படி நடந்தது. 1957 நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி சில நூறு ஓட்டில் தோற்றார். பழங்குடி வேட்பாளர்கள் இருவருமே ஜெயித்தார்கள். கிரி உச்ச நீதிமன்றம் வரை போயும் தீர்ப்பு மாறவில்லை. 1961-ல் இரட்டைத் தொகுதி முறையையே எடுத்துவிட்டார்கள். தொகுதி மிகப் பெரிதாக இருந்தது, செலவு கூடியது என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. எனக்கு என்னவோ, ஒரே தொகுதி மக்கள் இரண்டு பேரையும் சேர்ந்து தேர்ந்தெடுத்த அந்த ஏற்பாட்டில் இழந்துவிட்ட நல்லது ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது.

போட்டியில் யார் யார்? சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெயரோடு காங்கிரஸ். ஆனால் ஐந்தாண்டு ஆட்சியின் கசப்பும் சேர்ந்திருந்தது. மழை பொய்த்து, அரிசிக்கு ரேஷன் கட்டுப்பாடு. உள்ளே கோஷ்டிச் சண்டை. ஆந்திரத்தின் பெரிய தலைவர் பிரகாசம் வெளியேறிப் பிரஜா கட்சிப் பக்கம் போய்விட்டார். எதிரே கம்யூனிஸ்ட் கட்சி. அதன் தலைவர்களில் ஒருவரான பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். தென்னாற்காடு, சேலம் பக்கம் ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி. வடாற்காடு, செங்கல்பட்டு பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாகத் தங்கள் உறுதிமொழியில் கையெழுத்திட்ட வேட்பாளர்களை ஆதரித்தது. பெரியார் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார்.

முடிவு வந்தது. காங்கிரஸ் 152. கம்யூனிஸ்ட் 62. பிரஜா கட்சி 35. உழைப்பாளர் கட்சி 19. கிரிஷிகார் லோக் கட்சி 15. சோஷலிஸ்ட் 13. காமன்வீல் 6, முஸ்லிம் லீக் 5. சுயேச்சைகள் மட்டும் 62 பேர். முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றார். பக்தவத்சலம் உட்பட அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள்.

பகுதிவாரியாகப் பார்த்தால் கதை இன்னும் தெளிவு. தமிழ்ப் பகுதியின் 190 இடங்களில் காங்கிரஸுக்கு 96, பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆந்திரப் பகுதியில் 140-க்கும் மேற்பட்ட இடங்களில் 43. மலபாரில் 29-க்கு வெறும் 4. தமிழ்நாடு மட்டும் தனி மாநிலமாக இருந்திருந்தால் காங்கிரஸ் தனியாகவே ஆட்சி அமைத்திருக்கும். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பெரும்பான்மையும் மாறும்.

இங்கே தேர்தல் கணக்கின் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காங்கிரஸுக்கு விழுந்தது மொத்த ஓட்டில் சுமார் 35 சதவீதம்தான். கிடைத்த இடமோ 40 சதவீதத்துக்கு மேல். காரணம், நம் முறையில் தொகுதியில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூட வாங்கினால் போதும். ஐந்து பேர் நிற்கும் தொகுதியில் 28 சதவீதம் வாங்கியவர்கூட ஜெயிக்கலாம். மீதி 72 சதவீதம் அவருக்கு எதிராகப் போட்டவர்கள்தான், ஆனால் நாலாகப் பிரிந்து போட்டவர்கள். கூட்டணி என்ற ஏற்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1952-ல் எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் தனித்தனியாக நின்றன. தேர்தல் முடிந்த பிறகுதான் ஒன்று சேர்ந்தன.

அப்படிச் சேர்ந்ததற்கு ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று பெயர். தலைவர் பிரகாசம். அவரே தேர்தலில் தோற்றிருந்தார் என்பது வேறு விஷயம். எங்களுக்கு 166 உறுப்பினர்களின் ஆதரவு இருக்கிறது, எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஆளுநரிடம் கேட்டார்கள். 166 என்பது 152-ஐ விட அதிகம், ஆனால் 188-க்குக் குறைவு. தொங்கு சட்டசபை என்றால் இதுதான்: எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் தராசு நிற்காது.

ஆளுநர் என்ன செய்ய வேண்டும்? அரசமைப்பின் 164-ஆவது பிரிவு, முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார் என்று சொல்கிறது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் எழுதியில்லை. பார்த்துச் செய்துகொள்வதற்கு முன்னுதாரணமும் அப்போது இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலுக்குப் பிறகு உருவான முன்னணியை விட, ஒரே கட்சியாக அதிக இடம் பெற்றதைக் கூப்பிடுவதே முறை என்று முடிவெடுத்தார். 'தனிப்பெரும் கட்சி' என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். பல வருஷம் கழித்து 1988-ல், மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் ஒரு வரிசை சொன்னது: முதலில் தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, அடுத்து ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி, அதற்கப்புறம்தான் தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டணி. அந்த வரிசைப்படி பார்த்தாலும் ஸ்ரீபிரகாசாவின் தேர்வைத் தவறென்று சொல்ல முடியாது.

சர்ச்சை அடுத்த படியில்தான் வந்தது. காங்கிரஸுக்குத் தலைமை தாங்க ராஜாஜியை அழைத்தார்கள். வயது 73. கவர்னர் ஜெனரல் பதவி வரை வகித்து ஓய்வுக்குப் போனவர். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை! சட்டசபை உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சராகலாம்; ஆனால் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தின் ஏதாவது ஒரு சபையில் உறுப்பினராகிவிட வேண்டும். அன்று சென்னைக்கு மேல்சபை உண்டு. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகசேவை ஆகியவற்றில் பெயர் பெற்றவர்களை ஆளுநர் அதற்கு நியமிக்கலாம். அந்த வழியாக ராஜாஜி மேல்சபை உறுப்பினரானார். 1952 ஏப்ரல் 10-ல் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

நேருவுக்கே இது பிடிக்கவில்லை. ராஜாஜி ஒரு இடைத்தேர்தலில் நின்று வர வேண்டும் என்பதே அவர் விருப்பம். ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடியானது. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் முதல்முறையாகத் திரைக்குப் பின்னால் போய்ப் பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளில் ஒன்றுகூடத் தன் பெயருக்கு விழாத ஒருவர் அவர்களை ஆளுவது என் மனதுக்கு ஒப்பவில்லை. ராஜாஜியின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் அந்த முதல் தேர்தலுக்கு இப்படி ஒரு முடிவு வந்திருக்கக் கூடாது.

பதவியேற்றதோடு வேலை முடியவில்லை. 188 பேர் தன் பக்கம் இருப்பதைச் சபையிலேயே காட்ட வேண்டும். அதற்குத்தான் நம்பிக்கை வாக்கெடுப்பு. ராஜாஜிக்குக் கிடைத்த அவகாசம் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கினார். காமன்வீல் கட்சி இந்தப் பக்கம் வந்தது. தி.மு.க.வின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு ஜெயித்த கட்சி அது. சுயேச்சைகளும் சிறு கட்சிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஜூன் மாதத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். மக்களிடம் அதற்கு நல்ல வரவேற்பு. ஜூலை 3-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 200, எதிர்ப்பு 151.

152 எப்படி 200 ஆனது? அன்றைக்குக் கட்சித்தாவல் தடைச் சட்டம் இல்லை. அது 1985-ல்தான் வந்தது. உறுப்பினர் ஒருவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரலாம். 62 சுயேச்சைகள் இருக்கும் சபையில் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று மூன்று மாத அவகாசம் என்றால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். நீதிமன்றங்கள் சில நாள்களுக்குள், சில சமயம் மறுநாளே, பலத்தை நிரூபிக்கச் சொல்கின்றன. பலத்தைச் சபைக்குள்தான் எண்ண வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்தச் சபை அதே உருவத்தில் நீடிக்கவில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தது. ஆந்திரத்துக்கு 140 உறுப்பினர்கள் போனார்கள், பெல்லாரிப் பக்கத்து 5 பேர் மைசூர் போனார்கள். மிச்சம் 230. பெரும்பான்மைக்கு வேண்டிய எண் 188-ல் இருந்து 116-க்கு இறங்கியது, ஒரு ஓட்டுக்கூடப் புதிதாக விழாமலே.

1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராஜரும் அப்போது சட்டசபையில் இல்லை, நாடாளுமன்றத்தில் இருந்தார். அவருக்கும் அதே ஆறு மாதக் கெடு. மேல்சபைக் கதவும் திறந்தேதான் இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். தி.மு.க.வும் அவரை ஆதரித்தது. அந்தத் தொகுதி மக்கள் இரட்டைக் காளை ஒட்டிய பெட்டியில் சீட்டுப் போட்டு அவரைச் சட்டசபைக்கு அனுப்பிவைத்தார்கள்.